கப்பல்காரி வாங்கிய வண்டி

கடலில் இருக்கும் என் அன்பு மனைவிக்கு,

கரையில் இருக்கும் உன் புருஷன் எழுதுவது. நானும் நம் வாண்டும் நலம். அவளுக்கு மேல்பல் இரண்டு முளைத்துவிட்டது, எனக்கு ஒரு கடைவாய்ப் பல் ஆடுகிறது, ஆகமொத்தம் வீட்டில் பல் கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. உன் உடம்பு எப்படி? போன தடவை கையில் எண்ணெய் தெறித்தது என்று எழுதியிருந்தாயே, ஆறிவிட்டதா?

உன் கடிதம் துறைமுக ஏஜெண்ட் ஆபீஸ் வழியாகக் கைக்கு வந்து சேர்ந்தது. போனில் என்றால் நீ அழுகிறாய், நீ அழுதால் நான் பேந்தப் பேந்த விழிக்கிறேன். கடிதம்தான் நமக்கு லாயக்கு. கடைசிப் பக்கத்தில் நீ கேட்டிருந்ததை நாலைந்து தடவை படித்தேன். குழந்தை என்னை மறந்துகொண்டிருக்கிறாளா, உள்ளதைச் சொல்லுங்கள், இந்தப் பயணம் முடிந்ததும் கப்பல் வேலைக்கே முழுக்குப் போட்டுவிட்டு வந்துவிடட்டுமா என்று கேட்டிருக்கிறாய். அடுத்த பயணத்தில் தலைமைச் சமையல்காரியாகப் போகிறவள் கேட்கிற கேள்வியா இது? பதில் சொல்கிறேன். ஆனால் அதற்கு முன்னால் வண்டிக் கதையைச் சொல்லியாக வேண்டும். ஏனென்றால் நீ வாங்கி அனுப்பிய குழந்தை வண்டி இப்போது நம் வீட்டில் இல்லை. பதறாதே, திருட்டுப் போகவில்லை. முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் திட்டு.

வண்டி வந்து இறங்கிய அன்று நீ இங்கே இருந்திருக்க வேண்டும். நம் சலூன் வாசலிலேயே பெட்டியைப் பிரித்தேன். நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் முகத்தில் பாதி சோப்போடு எழுந்து வந்து சக்கரம் மாட்ட உதவினார். அடேயப்பா, என்ன சக்கரம்! என்ன அகலம்! உள்ளே மெத்தை, கைப்பிடியில் தோல், குண்டும் குழியுமான நம் தெருவில் தள்ளினால்கூட உள்ளே இருப்பவளுக்கு ஒரு குலுக்கல் கிடையாது. பெட்டிமேல் உன் கையெழுத்தில் என் பேர் இருந்தது. அந்த அட்டையை மட்டும் வெட்டி எடுத்து வைத்திருக்கிறேன்.

பூங்காவில் குளத்தை ஒட்டி வண்டிகள் வரிசையாக நிற்குமே, ஞாபகம் இருக்கிறதா? யாருக்கு எந்த இடம் என்று எங்கேயும் எழுதி வைக்கவில்லை, ஆனால் எல்லாருக்கும் தெரியும். கீச்சுக் கீச்சென்று கத்துமே நம் பழைய வண்டி, அதற்குக் குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் நிரந்தர இடம். புது வண்டியோடு போன அன்று நான் யாரையும் நகரச் சொல்லவில்லை, அவர்களாகவே நகர்ந்தார்கள். அங்கே வருகிற பெற்றோர்களுக்கு ஒரு பழக்கம் இருக்கிறது. முதலில் சக்கரத்தைப் பார்ப்பார்கள், அப்புறம் கைப்பிடியை, கடைசியாகத்தான் உள்ளே குழந்தை என்று ஒன்று இருப்பது கண்ணில் படும். பேங்க் மேனேஜர் குனிந்து சக்கரத்தை அழுத்திப் பார்த்துவிட்டு எங்கே வாங்கியது என்று கேட்டார். என் பெண்டாட்டி கப்பலில் சமைக்கிறாள், அவள் சம்பாத்தியத்தில், வெளிநாட்டுத் துறைமுகத்தில் இறங்கி வாங்கி அனுப்பினாள் என்று எட்டூருக்குக் கேட்கிற மாதிரி சொன்னேன். மனுஷன் அடுத்த வாரமே தன் வண்டிக்கு ஒரு விளக்கு மாட்டிக்கொண்டு வந்தார். பட்டப்பகலில் அது எரிந்துகொண்டிருந்தது.

எனக்குத் தலைகால் புரியவில்லை, ஒப்புக்கொள்கிறேன். வாண்டு தூங்கினாலும் அவளை வண்டியில் போட்டுத் தள்ளிக்கொண்டு திரிந்தேன்.

முக்கியமாக மருந்துக்கடை அக்கா முன்னால் திரிந்தேன். சலூனுக்கு நேர் மேலே குடியிருக்கிற அதே அக்காதான். நீ கப்பல் ஏறின வாரம், பெத்தவ கடல்ல, புள்ள சலூன்ல என்று தெருவெல்லாம் சொல்லி வைத்தாரே, அவர்தான். அந்தச் சொல் உன் காதுக்கு வந்ததும் நீ என்ன பாடுபட்டாய் என்று எனக்குத் தெரியும். அந்த வாயை அடைக்கத்தான் நீ இந்த வண்டியை வாங்கினாய் என்பதும் தெரியும். நீ எழுதவில்லை, இருந்தாலும் தெரியும். அவருடைய கைக்குழந்தைப் பையனின் மூன்று சக்கர வண்டிக்குத்தான் அதுவரை பூங்காவில் முதல் இடம். நம் வண்டியைப் பார்த்ததும் அக்கா முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. எனக்குத் தேவையே இல்லாத பஞ்சு வாங்க இரண்டு தடவை வண்டியோடு அவர் கடைக்குப் போய் வந்தேன் என்றால் பார்த்துக்கொள்.

அப்புறம் திடீரென்று அக்கா பூங்காவுக்கு வருவதை நிறுத்திவிட்டார். கடையிலும் காணோம், அவர் வீட்டுக்காரர்தான் நின்றார். வயிற்றெரிச்சல் என்று நினைத்து நான் உள்ளுக்குள் குளிர்ந்து போனேன். ஆனால் மேலே அந்தப் பையன் அழுகிற சத்தம் மட்டும் நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டே இருந்தது. ஒரு நாள் அவர் வீட்டுக்காரர் முகச்சவரத்துக்கு வந்து உட்கார்ந்து, சவரம் வேண்டாம், ஒரு உதவி வேண்டும் என்றார். பையனுக்கு இடுப்பு மூட்டு அதன் குழியில் சரியாக உட்காரவில்லையாம். டாக்டர் அதைப் பொருத்தி, நெஞ்சுக்குக் கீழே இருந்து கணுக்கால்வரை மாவுக்கட்டுப் போட்டுவிட்டாராம். கட்டுப் பிரிக்க மாசக்கணக்கு ஆகும், குளிப்பாட்டக் கூடாது, தலை முழுக்க வேர்த்து அரிப்பில் கத்துகிறான், மேலே வந்து முடி வெட்டிவிட முடியுமா என்று கேட்டார்.

கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு, வாண்டை இடுப்பில் வைத்துக்கொண்டு போனேன். ஏழு மாசப் பிள்ளை. இரண்டு காலும் அகட்டி அப்படியே மாவுக்கட்டுக்குள் இறுகிப் போய் மல்லாந்து கிடந்தான். கத்தரிக்கோல் சத்தம் கேட்டதும் அழுகையை நிறுத்திவிட்டுச் சிரித்தான் பாரு, வெட்ட முடியே இல்லாத இடத்திலும் அவனுக்காகச் சும்மா கத்தரித்துக் காட்டினேன். வெட்டி முடித்துக் கழுத்தைத் துடைத்துவிட்டுத் திரும்பினால், கதவுக்குப் பின்னால் அந்த மூன்று சக்கர வண்டி மடங்கிக் கிடக்கிறது, அதன்மேல் துணி காய்கிறது. ஏன் என்று கேட்டேன். அகட்டின கால் அந்த வண்டிக்குள் நுழையவில்லையாம். கட்டின் கனத்தோடு தூக்கிக்கொண்டு நடக்கவும் முடியவில்லை, தூக்கினால் பார்க்கிறவன் எல்லாம் நின்று வேடிக்கை பார்க்கிறான். அதனால் பிள்ளையும் அம்மாவும் வாரக்கணக்காக அந்த ஒரே அறையில் அடைந்து கிடக்கிறார்கள். அக்கா தலைகூடச் சரியாக வாரியிருக்கவில்லை. எவ்வளவு எடுப்பாக உடுத்துகிறவர் என்று உனக்குத் தெரியாதா?

மாடிப்படியில் இறங்கும்போது எனக்குள் பெரிய சண்டை. ஒருத்தன் சொல்கிறான், வண்டி அகலமாக இருக்கிறது, வாண்டுக்கு உன் இடுப்பே போதும், கொடு. இன்னொருத்தன் சொல்கிறான், அடேய், யாருக்காக வாங்கினாள், யாருக்குக் கொடுக்கிறாய், கப்பலிலிருந்து நீந்தி வந்து உன் தோலை உரிப்பாள். உன்னைக் கேட்டுவிட்டுக் கொடுக்கலாம் என்றால் நீ நடுக்கடலில் இருக்கிறாய். கடைசியில் வண்டியை மேலே ஏற்றிவிட்டேன். பையனை உள்ளே கிடத்தினோம். இரண்டு காலும் இரண்டு பக்கமும் இடிக்காமல், அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி பொருந்திவிட்டான்.

அக்கா வேண்டாம் என்றார். உங்க வீட்டுக்காரி என்ன நினைப்பாங்க என்றார். எனக்கு வாய் சும்மா இருக்குமா? உங்க வாயை அடைக்கத்தான் அவ இதை வாங்கினா, இனி அந்த வேலை முடிஞ்சுது, நீங்க எடுத்துக்கோங்க என்று சொல்லிவிட்டேன். சொன்னதும் எனக்கே திக்கென்றது. அவர் என்னையே பார்த்தார். அப்புறம் சிரித்தார், சிரித்துக்கொண்டே தேம்பித் தேம்பி அழுதார். அவர் வீட்டுக்காரர் பாவம், எதற்குச் சமாதானம் சொல்வது என்று தெரியாமல் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

அன்று சாயங்காலமே கிளம்பிவிட்டோம். அக்கா வண்டியைத் தள்ள, நான் வாண்டைத் தோளில் ஏற்றிக்கொண்டு கூடவே நடந்தேன். பூங்காவில் வழக்கம்போல எல்லார் கண்ணும் முதலில் சக்கரத்துக்குப் போனது. அப்புறம்தான் கட்டைப் பார்த்தார்கள், பேச்சு நின்றுவிட்டது. பேங்க் மேனேஜர் ஏதாவது பேச வேண்டுமே என்று, நீங்களும் அதே வண்டி வாங்கிட்டீங்களா என்று கேட்டுவைத்தார். அக்கா சொன்னார் பாரு, நான் அப்படியே எழுதுகிறேன். இது நம்ம சலூன்காரர் வீட்டம்மாவோடது. கப்பல்ல அத்தனை பேருக்கும் ஆக்கிப் போட்டுச் சம்பாதிச்சு வாங்கினது. எம்புள்ளைக்காகக் குடுத்திருக்கா என்றார். கொடுத்தது நீ என்று சொன்னதை நான் திருத்தவில்லை. ஏன் திருத்த வேண்டும், உன் வண்டிதானே. வண்டி வந்து இறங்கின அன்று எனக்கு இருந்த பெருமையெல்லாம் இதற்கு முன்னால் தூசு.

இப்போது மருந்துக்கடைக்கு இருமல் மருந்து வாங்கப் போகிறவன்கூட உன் கதையைக் கேட்காமல் திரும்ப முடியாது. பெரும் புயலில் ஒரு கையால் அண்டாவைப் பிடித்துக்கொண்டு மறுகையால் சூப் ஊற்றினாயாம். நான் சொன்னது கொஞ்சம், மீதியெல்லாம் அக்காவின் கைவண்ணம். இப்படியே போனால் நீ வந்து இறங்குவதற்குள் உன்னைக் கேப்டன் ஆக்கிவிடுவார்.

சரி, வண்டி இல்லாமல் வாண்டு என்ன செய்கிறாள் என்று கேட்பாய். நடக்கிறாள். ஆமாம், நடக்கிறாள். ஒருவருக்கு முடி வெட்டிக்கொண்டிருந்தேன், நாற்காலிக் காலைப் பிடித்து நின்றவள் கையை விட்டுவிட்டு, தரையில் கிடந்த முடியை மிதித்துக்கொண்டு கண்ணாடிவரை தத்தித் தத்திப் போய்விட்டாள். பாதித் தலையோடு இருந்தவரை மறந்துவிட்டு நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். இதைப் படித்ததும் நீ கரண்டியைக் கீழே வைத்துவிட்டு ஒரு மூலைக்குப் போவாய். போ, நன்றாக அழுது முடித்துவிட்டு வந்து மேலே படி.

இப்போது உன் கேள்வி. கண்ணாடி ஓரத்தில் நீ வெள்ளைத் தொப்பி போட்ட படம் ஒட்டியிருக்கிறேன். தினமும் காலையில் காட்டுவேன், அம்மா என்பாள். போன வாரம் ரொட்டிக்கடை மாஸ்டர் வேலை நடுவிலேயே முடி வெட்ட வந்தார், தலையில் வெள்ளைத் தொப்பி. இவள் தத்தித் தத்தி ஓடிப்போய் அவர் காலைக் கட்டிக்கொண்டு அம்மா, அம்மா என்றாள். அந்த ஆளுக்கு மீசையே ஒரு சாண் இருக்கும். சலூனே சிரித்தது. அவர் மட்டும் சிரிக்கவில்லை. அவளாக விடுகிறவரை காலை அசைக்காமல் நின்றார். மறந்தவள் தேடுவாளா, நீயே சொல்லு.

உள்ளதைச் சொல்லச் சொன்னாய், இதையும் சொல்லிவிடுகிறேன். நீ வந்து நின்றால் உடனே வரமாட்டாள். என் காலுக்குப் பின்னால் ஒளிவாள். கொஞ்ச நாள் பிடிக்கும். அதற்காக வேலையை விடாதே. விட்டுவிட்டு வந்தால் எனக்குச் சந்தோஷமாக இருக்குமா என்றால் இருக்கும், பொய் சொல்லமாட்டேன். ஆனால் கொஞ்ச நாள் கழித்து நீ இங்கே அடுப்பு முன்னால், உப்புப் போட்டோமா இல்லையா என்றே மறந்துபோய் நிற்பாய். அதை என்னால் பார்க்க முடியாது. என் பெண்டாட்டி தலைமைச் சமையல்காரி என்று சொல்ல நான் இப்போதே வாயைத் தயார் பண்ணி வைத்திருக்கிறேன், அதில் மண்ணைப் போடாதே. இனிமேல் எவர் வாயை அடைக்கவும் எதையும் வாங்காதே. பயணத்தை முடி, லீவு எடு, வா, இருந்துவிட்டுத் திரும்பப் போ. நாங்கள் இங்கேதான் இருப்போம்.

வரும்போது ஒன்றே ஒன்று செய். வாசலில் நின்று கை நீட்டாதே, வா வா என்று கூப்பிடாதே. பையை வைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிடு. அவளைப் பார்க்காத மாதிரி என்னோடு பேசிக்கொண்டிரு. அவள் வரவில்லை என்றால் மனசு விட்டுவிடாதே. நான் வந்து உன் மடியில் தலையை வைத்துப் படுத்துக்கொள்கிறேன். அவளுக்குப் பொறாமை பொத்துக்கொண்டு வரும், ஓடி வந்து என்னைத் தள்ளிவிட்டு அந்த இடத்தைப் பிடிக்கப் பார்ப்பாள். அவள் எவ்வளவு தள்ளினாலும் நான் உடனே எழுந்திருப்பேன் என்று மட்டும் நினைக்காதே.

அலையும் காற்றும் உன்னைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

இப்படிக்கு,
உன்னால் தெருவில் நெஞ்சை நிமிர்த்தி நடக்கும்
உன் சலூன்காரன்