மடிப்புக் கலையாத சேலைகள்

1935 மே 6, திங்கள்

வெண்ணெய்க்காரி பூவாத்தாள் வந்தாள். சரவணம்பட்டியிலிருந்து விடியுமுன் கிளம்பி நடந்து வருகிறாளாம். வாராவாரம் இதைச் சொல்கிறாள், மெடல் குத்த வேண்டும் போலிருக்கிறது. ஐந்து உருண்டையிலும் விரல் வைத்து நக்கிப் பார்த்தேன். மோர் வாடை. "அடுத்த வாரம் பாக்கலாம்" என்று அனுப்பிவிட்டேன்.

எங்கள் ஜவுளிக்கடையிலிருந்து இந்த மாதமும் அழுக்குச் சேலை ஒன்றுகூட வீட்டுக்குத் திரும்பி வரவில்லை. போன வருஷம் வரை மூட்டை மூட்டையாக வரும், ஓரமெல்லாம் பார்க்க வந்தவர்களின் விரல் தடத்தோடு. நான் கண்டிப்புக் காட்டிய பிறகுதான் கடை கடையாக இருக்கிறது. இத்தனைக்கும் நான் அதைப் பார்த்ததில்லை. எங்கள் வீட்டுப் பெண்கள் கடைவீதிக்குப் போவதில்லை. என் வீட்டுக்காரர் மவுத்தாவதற்கு முன், கல்யாணத்தில் எனக்குத் தர ஒப்புக்கொண்ட மஹருக்கு ஈடாக என் பேருக்கு எழுதிவைத்த கடை. ஊருக்கு அது இன்னும் அவர் பேரில் கையூம் கடைதான்.

மே 13

கொழுந்தனார் ரசாக் வந்தார். கல்லாவில் உட்காருவது அவர்தான். உட்காருவதில் அவரை மிஞ்ச ஆளில்லை.

"சனங்க கையில காசு இல்லீங்க மதினி. யாவாரம் படுத்துப்போச்சு. எம்பேருக்கு எழுதிக் குடுத்துப்போடுங்க. எங்க ஊட்டுல உங்களுக்கு ஒரு அறை ஒதுக்கிப்போடறேன்."

மீலாது நபி கழிந்த திங்களன்று பத்திரத்தோடு வருவாராம். ஒரு அறை! அவர் மனைவி சாஜிதா பேகம் தட்டில் போடுவதைத் தின்றுவிட்டு, அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு கிடக்க வேண்டும். ஆனால் வியாபாரம் இல்லை என்றால் நான் என்ன செய்ய?

மே 20

பூவாத்தாள் மகளுக்கு அடுத்த மாதம் கல்யாணம். கூறைச் சேலை எங்கே எடுத்தாய் என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"உங்க கடைக்கு எதுத்தாப்புல, சென்னகேசவன் கடைங்க."

பத்து வருஷமாக என் வீட்டுக்கு வெண்ணெய் போடுகிறவள்! கையூம் கடைக்கு வழி தெரியாதா என்றேன்.

"வழி தெரியுமுங்க அம்மணி. நிக்கத்தான் கால் வலிக்குதுங்க."

கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

மே 21

கால் வலிக்கிறதாம். மகாராணிக்குப் பட்டு மெத்தை போட வேண்டுமோ?

மே 27

சம்பந்தியம்மாளுக்குச் சேலை எடுக்க வேண்டும் என்றாள் பூவாத்தாள். நானும் வருகிறேன், முதலில் நம் கடை, நான் யாரென்று மூச்சு விடாதே என்றேன். சமையல்கார ஜன்னத்தின் கிழிந்த துப்பட்டியை வாங்கி, முகம் மறையப் போர்த்திக்கொண்டு போனேன்.

என் கடை. பாயில் ஏதோ ஒரு வக்கீல் குடும்பம், வெற்றிலைத் தட்டோடு. எங்களுக்குப் பாய் இல்லை. படியோரம் நின்றோம். கொழுந்தனார் விசிறிக்கொண்டே என் துப்பட்டியின் கிழிசலைப் பார்த்தார், முகத்தைத் திருப்பிக்கொண்டார். அரைமணி நேரம். கால் வலித்தது.

பிறகு லட்சுமணசாமி என்ற விற்பனை ஆள் வந்து, துணி அளக்கும் கெஜக்கோலால் மேல் தட்டைக் காட்டினான். "பச்சைங்களா, செவப்புங்களா?"

"முந்தானி பாக்கோணுமுங்க" என்றாள் பூவாத்தாள்.

"எடுத்துக்கறதுன்னாச் சொல்லுங்க, பிரிக்கிறேனுங்க. சும்மா பாக்கறதுக்குப் பிரிக்கறதில்லீங்க. மொதலாளியம்மா உத்தரவுங்க."

சொல்லுக்குச் சொல் மரியாதை போட்டே ஒரு மனுஷியை வாசலோடு நிறுத்தலாம் என்று இன்றுதான் கண்டேன். கெஜக்கோல் சுவருக்குத் திரும்பியது. அங்கே ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. என் கையெழுத்து.

"பட்டிக்காட்டுப் பெண்களுக்குச் சேலையைப் பிரிக்க வேண்டாம். அழுக்குக் கை. — பக்ருன்னிசா."

பூவாத்தாளுக்குப் படிக்கத் தெரியாது. "என்னங்க எழுதியிருக்குது?" என்று என் காதில் கேட்டாள்.

"கடை திறக்குற நேரம்" என்றேன்.

எதிரே சென்னகேசவன் கடைக்குப் போனோம். அவனுக்கு வாயெல்லாம் பல். அந்த இளிப்பை எனக்குச் சகிக்கவில்லை. ஆனால், "உக்காருங்கம்மா" என்றான், இந்தக் கிழிந்த துப்பட்டியைப் பார்த்து. முப்பது சேலையைப் பிரித்துப் போட்டான். பூவாத்தாள் முதலில் பார்த்ததையே எடுத்தாள். நானும் ஒன்று வாங்கினேன். என் கடைக்கு எதிர்க்கடையில்! எதற்கு என்று கேட்டால் எனக்கே தெரியாது.

மே 28

ரசாக்கையும் அந்த ஆளையும் மடையர்கள் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். அவர்கள் நான் சொன்னதைத்தான் செய்தார்கள். மடைச்சி யார்? மடிப்புக் கலையாத கடையாம், பெருமை வேறு.

ஜூன் 3

வெண்ணெய். ஐந்து உருண்டை. பழக்கத்தில் விரல் நீண்டது, மடக்கிக்கொண்டேன். பத்து வருஷம் எல்லா உருண்டையிலும் கை வைத்து, நக்கி, பாதி நாள் வேண்டாம் என்று அனுப்பியிருக்கிறேன். ஒரு நாளாவது "கை வைக்காதீங்க" என்றாளா? எழுதத் தெரிந்திருந்தால் கூடையில் ஒட்டியிருப்பாளோ என்னவோ.

ஐந்தையும் வாங்கினேன். மோர் வாடைதான்.

ஜூன் 10

காகிதத்தைக் கிழிக்கச் சொல்லி ஆள் அனுப்பினேன். கொழுந்தனார் சிரித்தாராம். "இன்னும் ஒரு வாரத்துல அது எங் கடை. மதினிக்கு யாவாரத்துல என்ன தெரியுமுங்க?"

தெரியாதுதான். உமக்கும் தெரியாது. நானே போனேன், கிழியாத துப்பட்டியில். லட்சுமணசாமி கெஜக்கோலைக் கீழே வைத்தான். காகிதத்தை உரித்தேன், சுண்ணாம்போடு வந்தது. கடையின் பின்பாதிக்குக் குறுக்கே திரை கட்டச் சொன்னேன். உள்ளே பாய். பெண்களுக்கு இனி நான்தான் காட்டுவேன் என்றேன். ஜன்னத் வீட்டில் அழுகிறாள், ஊர் சிரிக்குமாம். சிரிக்கட்டும்.

ஜூன் 14

மீலாது. நேற்று வரை திரைக்குள் பதினொரு பேர் வந்தார்கள். இருவர்தான் வாங்கினார்கள். மற்ற ஒன்பதும் எல்லாவற்றையும் பிரித்துப் போட்டுவிட்டு... சரி, எழுதவில்லை.

ஜூன் 17, திங்கள்

பூவாத்தாள் வந்தாள், சின்ன மகளோடு. பாயில் சப்பணமிட்டு உட்கார்ந்துவிட்டாள். அதைக் காட்டுங்க, இதைக் காட்டுங்க, அந்தக் கரையைக் காட்டுங்க. நாற்பத்தோரு சேலை. வெண்ணெய்க் கை வேறு.

நடுவில் திரைக்கு வெளியே கொழுந்தனார் குரல் கேட்டது. பத்திரம் கொண்டு வந்திருந்தார்.

"உள்ள பொம்பளைங்க துணி பாக்கறாங்க. செத்த நில்லுங்க" என்றான் லட்சுமணசாமி.

நின்றார். செருமினார். இன்னும் நின்றார். யாரும் அவருக்குப் பாய் விரிக்கவில்லை. நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கடைசியில் செருப்புச் சத்தம் படியிறங்கிப் போனது, பத்திரமும் கூடவே.

பூவாத்தாள் எழுந்தாள். முந்தானையை உதறிக்கொண்டாள்.

"ஒண்ணும் புடிக்கலீங்க அம்மணி. அடுத்த வாரம் பாக்கலாங்க."

சரி என்றேன். நாற்பத்தொன்றையும் நானே மடித்து வைத்தேன்.