நடு சீட்டில் உட்கார்ந்தவர்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் நன்றாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே முழங்காலைத் தவிர மற்றதெல்லாம் நலம், அதுவும் மாடிப்படியைக் கண்டால்தான் முனகுகிறது. லாண்டரியில் எப்போதும்போல ஊரார் அழுக்கெல்லாம் என் தலையில்தான். மேல்வீட்டு டீச்சர் கணவரோடு சண்டை போட்டால் அவர் சட்டைகள் மட்டும் தனிப் பையில் வரும், இந்த மாதம் முழுக்கத் தனிப் பைதான். சரி, சுற்றி வளைக்கவில்லை, விஷயத்துக்கு வருகிறேன். பக்கத்து மூக்குக்கண்ணாடிக் கடைக்காரரைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன் அல்லவா, மனைவி செத்த பிறகு வாயைப் பூட்டிச் சாவியைத் தொலைத்துவிட்ட மனிதர். கசங்காத சட்டையை இஸ்திரிக்குக் கொண்டுவருவார், நானும் கசங்கியதுபோலவே வாங்கிக்கொள்வேன். போன ஞாயிறு மத்தியானம் இருவரும் சினிமாவுக்குப் போனோம். யாராவது பார்த்தால் என்ன ஆவது என்று நடுவில் ஒரு சீட்டு விட்டு டிக்கெட் எடுத்தோம், என் யோசனைதான், உன் அம்மாவின் மூளையே மூளை. விளக்கு அணைந்ததும் அந்த நடு சீட்டுக்காரர் வந்து உட்கார்ந்தார், மலை மாதிரி ஆள். சோளப்பொரி அவர் மடியைத் தாண்டித்தான் போய் வந்தது, சுங்கவரி மாதிரி அவரும் ஒரு பிடி எடுத்துக்கொண்டார். படத்தில் அடிபட்ட இரண்டு ஜீவன்கள். அவள் யாரையும் நம்பமாட்டாள், அவன் யாரிடமும் எதையும் கேட்கமாட்டான், கடைசியில் ஆளுக்கொரு பஸ் ஏறிப் போய்விடுகிறார்கள். நடுவில் இருந்தவர் என் கைக்குட்டையை வாங்கி அழுதார். விளக்கு போட்டதும் எங்களைப் பார்த்து, "நீங்க ரெண்டு பேரும் ஒண்ணாவா வந்தீங்க? சொல்லியிருந்தா தள்ளி உட்கார்ந்திருப்பேனே" என்றார். இல்லை இல்லை என்று இருவரும் ஒரே குரலில் சொன்னோம். இத்தனை நாளில் நாங்கள் சேர்ந்து செய்த ஒரே காரியம் அதுதான்.

அதற்கப்புறம் கண்ணாடிக் கடைக்காரர் லாண்டரிப் பக்கமே வரவில்லை. வாரம் முழுக்கக் கசங்கிய சட்டையோடு கடை திறந்தார். நேற்று எனக்குப் பொறுக்கவில்லை, கண் டெஸ்ட் பண்ணவேண்டும் என்று போய் உட்கார்ந்தேன். சோதனைக்குப் போடுகிற அந்தக் கனத்த கண்ணாடிச் சட்டத்தை என் மூக்கில் மாட்டி, எழுத்தைப் படிக்கச் சொன்னார். படிக்காமல், அன்றைக்கு அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது என்றேன். லென்ஸை மாற்றிக்கொண்டே, "நானும்தானே சொன்னேன்" என்றார். இன்னொரு லென்ஸ் போட்டு, என் முகத்தைப் பார்க்காமல், "மிச்சக் காலத்தை ஒரே வீட்ல கழிக்கலாமா, யோசிச்சுச் சொல்லுங்க" என்றார். எனக்கு ஒரு எழுத்தும் தெரியவில்லை, லென்ஸைக் குற்றம் சொல்ல முடியாது. உன் அப்பா இன்னொருத்தியோடு போனதிலிருந்து எல்லாரும் என்னைத் தைரியசாலி என்று சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது, கண்ணு. அடுத்த அறையில் ஆள் இருப்பதுபோல டிவியை ஓடவிட்டுச் சாப்பிடுகிறவள் என்ன தைரியசாலி? பெரிய காதலெல்லாம் இல்லை, இருவருக்கும் மூட்டுவலி. அவர் பேசமாட்டார், நான் நிறுத்தமாட்டேன், கரையேறுமா தெரியாது. இன்று காலை சரி என்று சொல்லிவிட்டேன். உன்னிடம் அனுமதி கேட்கவில்லை. ஆனால் நீ முகம் சுளித்தால் அந்த வீட்டில் எனக்கு ஒரு வாய் இறங்காது.

நேரத்துக்குச் சாப்பிடு, மாப்பிள்ளையிடம் தொட்டதற்கெல்லாம் கோபித்துக்கொள்ளாதே. இருவரும் ஒருவருக்கொருவர் அலுக்காமல் நெடுநாள் வாழுங்கள். ஒன்று மட்டும் மறக்காதே. அடுத்த தடவை போன் பண்ணும்போது ஆண் குரல் எடுத்தால், ராங் நம்பர் என்று வைத்துவிடாதே. அவராக ஒன்றும் பேசமாட்டார். சாப்பிட்டீர்களா என்று நீயே கேள்.

இப்படிக்கு,
இந்த வயதில் உனக்கு வேலை வைக்கும் அம்மா