டிராக்டருக்குப் பின்னால் ஒரு ஸ்கூட்டர்

இன்று என் ஸ்கூட்டரில் மறுபடி சேறு. முன்விளக்கில், கால் வைக்கும் இடத்தில், எல்லாப் பக்கமும் அப்பிக் கிடக்கிறது. சைலன்சரில் ஒட்டியது சூட்டில் வெந்து, வயலும் டீசலும் கலந்த அந்த மணம் வருகிறது. நீங்கள் போன பிறகு இந்த வண்டி சுத்தமாகவே இருந்தது. நான் தோசைமாவு பாக்கெட் கொண்டு கொடுக்கிற கடைக்காரர்கூட, "சேச்சி, புதிய வண்டியோ?" என்று ஒருநாள் கேட்டார். அன்றைக்கு வீட்டுக்கு வந்து அழுதேன். அவருக்கு என்ன தெரியும், பாவம்.

துடைக்கத் துணியோடு வந்தவள் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். நடந்ததை யாரிடமாவது சொல்ல வேண்டும். என் பயத்தை முழுதாகக் கேட்டவர் நீங்கள் ஒருவர்தான். சிரித்துக்கொண்டே கேட்பீர்கள், ஆனாலும் கேட்பீர்கள்.

அம்பாசமுத்திரத்துப் பக்கத்திலிருந்து உழவுக்கு என்று டிராக்டரோடு மலையாளம் பேசுகிற இந்த ஊருக்கு வந்து, புஞ்சக்கரி வயலுக்கும் வெள்ளாயணிக் காயலுக்கும் நடுவில் வீடு பிடித்து, திரும்பிப் போகாமலே இருந்துவிட்டீர்கள். கல்யாணமான புதிதில் எனக்கு உங்கள் வேலையைப் பற்றிப் பயமே இல்லை. சேற்றில் ஆமை வேகத்தில் போகிற வண்டி, அதில் என்ன ஆபத்து வந்துவிடப் போகிறது என்று நினைத்திருந்தேன். ஒருநாள் நீங்களே வாயை விட்டீர்கள். டிராக்டருக்கு இரண்டு பிரேக் மிதி. வலது சக்கரத்துக்கு ஒன்று, இடது சக்கரத்துக்கு ஒன்று. வயலில் வரப்போரம் சட்டென்று திரும்ப ஒன்றை மட்டும் மிதித்தால் போதும். ஆனால் ரோட்டில் ஏறுவதற்கு முன்னால் இரண்டு மிதிகளையும் சேர்த்து ஒரு சின்ன இரும்புக் கொண்டியைப் போட்டுவிட வேண்டும். மறந்துபோய், வேகத்தில் ஒரு மிதியை மட்டும் மிதித்தால், ஒற்றைக் காலைப் பிடித்து இழுத்த கன்று மாதிரி வண்டி சுற்றிக் கவிழ்ந்துவிடும். இதைச் சோறு தின்றுகொண்டே சொன்னீர்கள். எனக்கு அன்றைக்குப் போனது தூக்கம்.

அதற்குப் பிறகு நீங்கள் வயலிலிருந்து தார் ரோட்டில் ஏறும்போதெல்லாம் என் கேள்வி ஒன்றே ஒன்று. "கொண்டி போட்டாச்சா?" முதலில் எரிச்சல்பட்டீர்கள். "ஏட்டி, உங்கிட்ட சொன்னேன் பாரு, என்னைச் செருப்பால அடிக்கணும்" என்றீர்கள். பிறகு பழகிப்போய், ஸ்பானரை எடுத்துக் கொண்டியில் இரண்டு தட்டு தட்டிக் காட்டுவீர்கள். ணங், ணங். அந்தச் சத்தம் கேட்டால்தான் எனக்கு மூச்சு வரும்.

நான் பின்னால் வரத் தொடங்கியது தற்செயலாகத்தான். ஒருநாள் உங்களுக்குச் சாப்பாடு கொண்டு வந்தவள், நீங்கள் அடுத்த வயலுக்குப் புறப்பட்டுவிட்டதால் அப்படியே பின்தொடர்ந்தேன். கேஜ் வீலை டிரெய்லரில் ஏற்றியிருந்தீர்கள். அந்த இரும்புச் சக்கரத்தோடு தாரில் ஏறினால் ரோடு கிழிந்து போகும் என்று கழற்றாமல் நீங்கள் ஏறவே மாட்டீர்கள். சேற்றில் ஊறி ஊறி டிரெய்லரின் பின்விளக்கு எப்போதும்போல் செத்துக் கிடந்தது. ஒரு கார்க்காரன் வளைவில் பாய்ந்து வந்து, என் ஸ்கூட்டர் இண்டிகேட்டரைப் பார்த்துத்தான் பிரேக் போட்டான். நான் இல்லாவிட்டால் டிரெய்லருக்குள் போயிருப்பான். மறுநாள் என் பழைய சிவப்புப் புடவையில் ஒரு துண்டைக் கிழித்து ஸ்கூட்டரின் பின்கம்பியில் கட்டினேன். "என்னட்டி, கட்சி ஊர்வலமா?" என்று கேலி பண்ணினீர்கள். ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை.

பின்னால் வருவது என்ன வேலை என்று ஊருக்குத் தெரியாது. முன்னால் நீங்கள் ராசா மாதிரி உயரத்தில் போவீர்கள். திட்டெல்லாம் எனக்கு. "எந்து சேச்சி, வழி தா!" என்று காதுக்குள் ஹார்ன் அடிப்பார்கள். உங்கள் டயரிலிருந்து கட்டி கட்டியாய்ச் சேறு பறந்து என் மேல் விழும். ரோட்டில் ஏறுமுன் மண்வெட்டியால் டயரை வழித்துவிட்டுத்தான் வருவீர்கள், அப்படியும் விழும். கொஞ்சம் அகலமான ஓரம் கிடைத்ததும் ஒதுங்கி நின்று, சேர்ந்த வரிசை முழுவதையும் போகவிடுவீர்கள். "சேத்துல நாம ராசா, தார்ல நாம விருந்தாளி. விருந்தாளி அடங்கித்தான் இருக்கணும்" என்பீர்கள். விருந்தாளியின் பெண்டாட்டி அந்த வெயிலில் ஹெல்மெட்டுக்குள் வெந்துகொண்டிருப்பாள்.

ஒரு ஏற்பாடு வைத்திருந்தோம், நினைவிருக்கிறதா? "ஏதாவதுன்னா ஹார்ன் அடிக்காத. பின்னால வாறவன் எல்லாம் ஹார்ன்தான் அடிக்கான், அதுல எது நீன்னு எனக்கு எப்படித் தெரியும்? நீ முன்னால வா. நீ முன்னால வந்தா நான் நிப்பேன்." ஒருமுறை டிரெய்லரில் கட்டிய கயிறு அவிழ்ந்தபோது முன்னால் வந்தேன். இன்னொரு முறை வந்தது, சாப்பாட்டுத் தூக்கை வரப்பிலேயே மறந்துவிட்டோம் என்று சொல்ல. அவ்வளவு பெரிய வண்டியை ஓரங்கட்டி நிறுத்திவிட்டு, "இதுக்காட்டி?" என்று கேட்டீர்கள். திட்டப்போகிறீர்கள் என்று நின்றேன். வாய்விட்டுச் சிரித்தீர்கள்.

இத்தனை வருஷம் ரோட்டைப் பார்த்து நான் பயந்தேன். வேண்டிக்கொண்டு நேர்ச்சை போட்டதெல்லாம் ரோட்டுக்காகத்தான். நீங்களோ ஒரு மத்தியானம், நம் வீட்டு நடுக்கூடத்தில், ஃபேன் காற்றில் படுத்திருந்தபடியே போய்விட்டீர்கள். நெஞ்சுவலி என்று சொல்லக்கூட இல்லை. நான் காவல் நின்றது ஒரு வாசலில், வந்தவன் வந்தது இன்னொரு வாசல் வழியாக. அந்தக் கோபம் எனக்கு உங்கள் மேல் இன்னும் இருக்கிறது.

தார்ப்பாய் போட்டு மூடிய டிராக்டர் முற்றத்தில் நின்றது. களக்காட்டுக்காரர் ஒருவர் வண்டியைக் கேட்டு வாரம் தவறாமல் போன் பண்ணினார். கொடுத்துவிடுவதாகத்தான் இருந்தேன். நம் மகள்தான் குறுக்கே விழுந்தாள். பாலிடெக்னிக் படித்து, லைசென்சும் எடுத்துவிட்டு, கம்பெனி வேலை வேண்டாம், நான் ஓட்டுகிறேன் என்கிறாள். உங்கள் கூடவே வயலில் கிடந்தவள், உழவு அவளுக்குத் தெரியாதது இல்லை. எனக்குப் பயம் ரோடுதான். முடியாது என்றேன். இரண்டு நாள் கழித்து நேற்று வந்து சொன்னாள். "அம்மா, ஒரே ஒரு நாள் ஸ்கூட்டர்ல என் பிறகே வாங்க. ரோட்டுல உங்களுக்கு பேடி ஆச்சுன்னா வண்டியக் குடுத்துருவோம். நான் ஒண்ணும் பறைய மாட்டேன். சத்தியம்."

சரி என்றேன். களக்காட்டுக்காரரிடமும் இன்று சாயங்காலம் முடிவு சொல்வதாகச் சொல்லிவிட்டேன். உண்மையைச் சொன்னால், பேடி ஆகும், பயந்துதான் போவேன் என்று எனக்கு முன்பே தெரியும். ஜெயிக்கிற பந்தயம் என்றுதான் ஒத்துக்கொண்டேன்.

காலையில் புஞ்சக்கரியில் உழுதாள். நன்றாகத்தான் உழுதாள். மத்தியானத்துக்கு மேல் பள்ளிச்சல் வயலுக்குப் போக வேண்டும். வெள்ளாயணி வழியாக மேடேறி இறங்கி, பெரிய ரோட்டைப் பிடிக்க வேண்டும். வயல் ஓரத்தில் டயரை வழித்துவிட்டு அவள் ஏறி உட்கார்ந்ததும், "கொண்டி போட்டாச்சா?" என்று கேட்டேன். அந்த நேரம் பார்த்து ஒரு மினிலாரி வந்து விடாமல் ஹார்ன் அடித்தது. அவள் தலையை ஆட்டினாள். கையில் ஸ்பானர் இருந்ததா, தட்டினாளா, எதுவும் எனக்குத் தெரியவில்லை. வண்டி தாரில் ஏறிவிட்டது.

ஆட்டின தலை ஆம் என்றா, போகலாம் என்றா? வழி நெடுக இதே யோசனை. மேட்டில் ஏறுகிற வரைக்கும் மனதைக் கட்டிவைத்திருந்தேன். உச்சிக்குப் பக்கத்தில் வந்ததும் அந்தப் பக்கத்து இறக்கம் தெரிந்தது. இறக்கத்தின் அடியில் பஸ் ஸ்டாப். பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் ரோடு வரைக்கும் வழிந்து நிற்கிறார்கள். கீழே அவள் பிரேக்கை மிதிப்பாள். ஒற்றை மிதியை மிதித்தால்? முன்னால் போனால் நான் பயந்துவிட்டேன் என்று அர்த்தம். அதோடு பந்தயம் முடிந்தது, அவளுக்கு வண்டி இல்லை. அது அவளுக்கும் தெரியும். என்னைக் கண்ணாடியில் பார்த்தாலும் பார்க்காத மாதிரி ஓட்டிக்கொண்டு போகலாம். அந்த வயதில் நானாக இருந்தால் அப்படித்தான் போயிருப்பேன்.

ஆனாலும் என்னால் முடியவில்லை. இண்டிகேட்டரைப் போட்டு வலது பக்கம் ஏறினேன். எதிரே வந்த கார்க்காரர் தலையை வெளியே நீட்டி, "சேச்சி, சாவான் போகுவாணோ?" என்று கத்தினார். டிராக்டரின் பெரிய சக்கரம் என் தோளுக்குப் பக்கத்தில் சுற்றியது. அதைத் தாண்டி, இறக்கம் தொடங்குகிற இடத்தில், அவளுக்கு முன்னால் வந்துவிட்டேன்.

உடனே வேகம் குறைந்தது. கண்ணாடியில் பார்த்தேன். வண்டி கோணவில்லை, இழுக்கவில்லை. நேராக வந்து, இடது பக்கம் ஒதுங்கி, நின்றது. அதிலேயே எனக்குப் பதில் கிடைத்துவிட்டது. இருந்தும் இறங்கி ஓடினேன்.

"எந்தாம்மா? என்ன ஆச்சு?"

"கொண்டி" என்றேன்.

அவள் ஸ்பானரை எடுத்துக் குனிந்து தட்டினாள். ணங், ணங். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். முகம் சுருங்கிப்போயிருந்தது. "அப்போ குடுத்துருவீங்க, இல்லே?" என்றாள்.

பின்னால் சேர்ந்திருந்த வரிசை எங்களைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. ஒவ்வொருவரும் ஒரு ஹார்ன் அடித்துவிட்டுப் போனார்கள்.

"நான் முன்னால வந்தா பயந்துட்டேன்னுதானே அர்த்தம்? உனக்குத் தெரியுமில்ல? பிறகு எதுக்கு நின்ன?" என்று கேட்டேன்.

"அப்பா சொல்லியிருக்கு" என்றாள். "அம்மா முன்னால வந்தா ஏன் எதுக்குன்னு கேக்காத, ஓரங்கட்டி நிப்பாட்டு. அவளுக்குப் பின்னாலருந்து தெரியுறது நமக்குத் தெரியாதுன்னு அப்பா சொல்லியிருக்கு."

என்னிடம் ஒருநாளாவது சொன்னீர்களா இதை? கட்சி ஊர்வலம் என்றீர்கள், பயந்தாங்கொள்ளி என்றீர்கள், பக்கத்து வீட்டாரிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தீர்கள். எனக்குப் பின்னால் இப்படி ஒன்றைச் சொல்லி வைத்திருக்கிறீர்கள். அந்த ரோட்டோரத்திலேயே, டயரைப் பிடித்துக்கொண்டு, இத்தனை மாதமாக அடக்கி வைத்திருந்ததையெல்லாம் அழுது தீர்த்தேன். மகள் இறங்கி வந்து பிடித்துக்கொண்டாள். அவள் கையிலும் உங்கள் கை மாதிரியே கிரீஸ் மணம்.

பிறகு நான் பின்னால் போய்விட்டேன். அவள் இறக்கத்தில் மெல்ல இறங்கினாள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வேடிக்கை பார்த்தார்கள், ஒரு சிறுமி கையாட்டினாள். பள்ளிச்சல் போய்ச் சேருகிற வரைக்கும் என் பயம் அப்படியேதான் இருந்தது. நாளைக்கும் இருக்கும். அது என்னோடுதான் போகும்.

களக்காட்டுக்காரர் சற்றுமுன் கூப்பிட்டார். "என்னம்மா, முடிவு பண்ணியாச்சா?" என்றார்.

"இல்லண்ணே, குடுக்கல. வண்டி ஓடிக்கிட்டு இருக்கு" என்றேன்.

நான் முன்னால் வந்தால் நீங்கள் நிற்பதுதானே நம் ஏற்பாடு? நீங்கள் எனக்கு முன்னால் போனதும், அதை மாற்றிப் புரிந்துகொண்டு நானும் நின்றுபோனேன் போலிருக்கிறது. இன்றைக்குத்தான் மறுபடி கிளம்பினேன். சிவப்புத் துணி நைந்துவிட்டது. நீங்கள் தீபாவளிக்கு எடுத்துக் கொடுத்த அந்தச் சிவப்புப் புடவையை இப்போதுதான் கிழித்தேன். ஸ்கூட்டரை இன்று துடைக்கப் போவதில்லை. நாளைக் காலையில் மறுபடி சேறு படும்.