நீ கொடுத்துவிட்டுப் போன பித்தளை வில்லை

நண்பனுக்கு,

வீட்டில் இன்று புளி போட்டுப் பித்தளைச் சாமான் தேய்க்கிறார்கள். அந்த வாடை கூடத்துக்குள் வந்ததும் உன் கைதான் நினைவுக்கு வந்தது. ஷிப்டு முடிந்து நீ தோளில் கை போட்டால் என் சட்டையெல்லாம் பித்தளை நாறும். மூக்கைச் சுளித்தால், "இன்னாடா பண்றது, ஊரு ஜனம் இடுப்புல கெடந்தத எல்லாம் தொட்டுகினு வரேன்" என்பாய்.

தங்கச் சுரங்க வாயிலில் இருந்த ஜன்னல்தான் உன் இடம். இறங்குகிறவன் தன் எண் அடித்த வில்லையை அரைஞாணிலிருந்து அவிழ்த்து உன்னிடம் தருவான். ஏறி வந்ததும் வாங்கிக் கட்டிக்கொள்வான். உன் முதுகுக்குப் பின்னால் இருந்த பலகையில் வில்லை தொங்கினால் ஆள் உள்ளே இருக்கிறான். எழுத்துக் கூட்டத் தெரியாதவனுக்கும் அது புரியும்.

அதை ஒழிக்க வந்தவன் நான். பெங்களூரில் மூன்று வாரம் பயிற்சி முடித்து, துளை போட்ட அட்டைகளைப் படிக்கிற இயந்திரத்தோடு வந்து இறங்கினேன். வில்லைக்குப் பதில் ஆளுக்கொரு அட்டை; இறங்கும்போது நீ அதை வாங்கி இயந்திரத்தில் போட்டுத் திருப்பித் தர வேண்டும். யார் உள்ளே, யார் வெளியே என்று இயந்திரமே பட்டியல் அடித்துத் தரும். நீ எதிர்க்கவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டாய்.

"மிசின் வரட்டும்டா. பலகைய மட்டும் ஆறு மாசம் வுட்டு வையி. ரெண்டும் ஒத்துப் போவுதான்னு பாத்துகினு அப்பால கழட்டு."

பழையது கண்ணெதிரே இருந்தால் புதியதை எவனும் மதிக்க மாட்டான் என்று நான் மேலிடத்துக்கு எழுதிக் கொடுத்தேன். ஒரே வாரத்தில் பலகை போய்விட்டது. அவ்வளவு மண்டைக்கனம் எனக்கு.

நம் ஆட்களுக்கு எது கையில் வந்தாலும் அரைஞாணில் கட்டித்தான் பழக்கம். அட்டையிலும் ஆணியால் ஓர் ஓட்டை போட்டுக் கயிறு கோத்துக்கொண்டார்கள். ஏற்கெனவே அத்தனை ஓட்டை இருந்த அட்டையில் இன்னும் ஒன்று என்ன செய்துவிடும்? இயந்திரம் அதையும் சேர்த்துப் படித்து ஒருவனை இன்னொருவனாக்கியது. கண்டுபிடித்துச் சொன்னவன் நீ. நான் மேலிடத்தில் வாய் திறக்கவில்லை. திட்டம் தோற்றது என்று பெயர் வந்துவிடுமே. தினமும் மத்தியானம் பட்டியலைக் கையால் திருத்தி, எல்லாம் ஒழுங்காக ஓடுவதாகக் கையெழுத்துப் போட்டேன்.

அன்று நான் திருத்துவதற்கு முன்பே கீழே அழுத்தம் தாங்காமல் பாறை வெடித்துச் சரிந்தது. ஏறி வந்தவர்களை அதிகாரி பட்டியலோடு ஒத்துப் பார்த்தார். யாரும் பாக்கியில்லை. நீ ஜன்னலிலிருந்து ஓடி வந்தாய்.

"சார், முனுசாமி உள்ள கீறான். காலைல அவன் அட்டைய நான்தான் வாங்கினேன்."

பட்டியலில் முனுசாமி அன்று வேலைக்கே வரவில்லை. அவன் அட்டையை இயந்திரம், அவனோடு இறங்கிய வேறொருவனின் அட்டையாகப் படித்திருந்தது. அந்த வேறொருவன் ஏறி வந்து எங்கள் முன்னால் நின்றான். அதிகாரி என்னைப் பார்த்து, "லிஸ்டு சரிதானே?" என்றார்.

"சரிதான் சார்" என்றேன்.

நீ திட்டவில்லை. ஜன்னலுக்கு வருமுன் கீழே வேலை பார்த்த காலத்து உன் வில்லையை இடுப்பிலிருந்து அவிழ்த்து என் கையில் வைத்தாய். "நான் உள்ள கீறேன்னு வச்சிக்கோ. வந்து வாங்கிக்கிறேன்" என்று, ஆட்களைக் கீழே இறக்கும் கூண்டில் ஏறினாய். மறுபடியும் வெடித்தது.

சாயங்காலப் பட்டியலிலும் உள்ளே யாரும் இல்லை. ஜன்னல்காரனுக்கு நாங்கள் அட்டையே கொடுக்கவில்லை.

அப்புறம் அட்டைகளுக்குத் தகர உறை வந்தது. இயந்திரம் பிழையில்லாமல் ஓடியது. வெற்றி என்றார்கள், எனக்குப் பதவி உயர்வும் கிடைத்தது. மாரிகுப்பம் ஸ்டேஷனில் முனுசாமியின் மனைவி எதிர்ப்பட்டால், "நல்லா கீறீங்களாண்ணா?" என்று கேட்கிறாள். அவள் புருஷன் உள்ளே சாகக் கிடந்தபோது நான் "சரிதான்" என்றதை அவளிடம் சொல்லும் தைரியம் எனக்கு வரவில்லை, இனியும் வராது.

இன்று என் மனைவி உன் வில்லையையும் தேய்க்க எடுத்துவிட்டாள். பிடுங்கிக்கொண்டு வந்து கூடத்துச் சுவரில் அதன் ஆணியிலேயே மாட்டினேன். பலகை வழக்கப்படி நீ இன்னும் ஏறி வரவில்லை.