சோயா விழுதுக்கு என் கையைத் தர மாட்டேன்

கிட்ட வந்து உட்காருங்கள். என்னைத் தேடும் முன் ஒரு கதை கேளுங்கள். இடது கையால் எழுதுகிறேன், கோணலாகத்தான் இருக்கும்.

ஒரு வீட்டில் குளிர்காலத்துக்குக் கிம்ச்சி ஊறுகாய் போட முட்டைக்கோஸ் உப்பில் ஊறிக்கொண்டிருந்தது. வீட்டுக்காரியோ மணிக்கட்டை உடைத்துக்கொண்டு, எலும்பில் கம்பிகள் இறக்கி, அவற்றைப் பிடிக்கக் கைக்கு வெளியே இரும்புச் சட்டம் மாட்டியிருந்தாள். நேற்று ஒரு கம்பியைச் சுற்றிச் சிவந்து சீழ் கசிந்தது. உடனே உங்கள் அக்கா பொங்சுன் சோயா விழுது ஜாடியோடு வந்துவிட்டார்.

“குளவி கொட்டினாலும் சோயா விழுது, வெட்டுப்பட்டாலும் சோயா விழுது. எங்கம்மா எங்களையெல்லாம் இதுலதான் வளர்த்தாங்க. கையை நீட்டு.”

“அதெல்லாம் தோல் காயம், அண்ணி. இந்த ஓட்டை எலும்பு வரைக்கும் போகுது. விழுதைக் குழம்புல போடுங்க.”

நீங்களாவது என் பக்கம் பேசினீர்களா? “கிம்ச்சி வேலை முடியட்டும், அப்புறம் ஆஸ்பத்திரிக்குப் போலாம்” என்றீர்கள். சீழ் காத்திருக்காது. அது எலும்புக்குள் இறங்கினால் கை கோணிப்போகலாம் என்று நர்ஸ் சொன்னபோது நீங்களும்தான் பக்கத்தில் நின்றீர்கள். எழுப்பினால் தடுப்பீர்கள். அதனால் சொல்லாமல் முதல் பஸ்ஸில் போகிறேன்.

முட்டைக்கோஸை நீங்களே புரட்டிப் போடுங்கள். அடுப்பில் முள்ளங்கி சூப் இருக்கிறது. சாப்பிட்டுவிட்டுக் கோபப்படுங்கள்.

— தொக்சிம்

முட்டைக்கோஸ் புரட்டக் குனியும் முன், உங்கள் இடுப்பு வலிக்கான பட்டையைக் கட்டிக்கொள்ளுங்கள்.

அண்ணிக்கும் சூப் கொடுங்கள். ஜாடியை மட்டும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

இந்த வீட்டு ஜாடிகள் நிறையட்டும். முதல் கிம்ச்சி இலையைச் சுருட்டி உங்கள் வாயில் ஊட்ட இந்த வலது கை இருக்கட்டும்.