உத்தரவுக்குக் காத்திருந்த உன் அண்ணன்

அன்புள்ள சின்னவளுக்கு,

இங்கே நானும் அப்பாவும் சுகம். நீயும் சுகமாகத்தான் இருப்பாய். இல்லாவிட்டால் கடிதம் எழுதியிருக்க மாட்டாய், தொலைபேசியில் அழுதிருப்பாய். ரிசர்வ் படையில் பணியாற்றியதற்காக உனக்கும் கல்வி உதவி கிடைத்திருப்பதாகவும், அதில் எதைப் படிப்பது என்று நான்தான் சொல்ல வேண்டும் என்றும் எழுதியிருந்தாய். அதற்குமுன், இதே உதவியை வைத்துக்கொண்டு உன் அண்ணன் பட்ட பாட்டைக் கேள்.

ராணுவத்திலிருந்து ஓய்வுபெற்று வந்தவனை முன்னாள் படைவீரர் பயிற்சி அலுவலகத்துக்கு அழைத்து, என்ன படிக்க விரும்புகிறீர்கள் என்று கேட்டார்களாம். எப்போது எழுவது, எதைத் தின்பது, எந்த மலையில் ஏறுவது என்பதையெல்லாம் பிறர் சொல்லக் கேட்டே வாழ்ந்தவனிடம் இப்படியொரு கேள்வியைத் திடுதிப்பென்று கேட்கலாமா? விறைத்து நின்றபடி, நீங்கள் எதைச் சொன்னாலும் படிக்கிறேன் சார் என்றிருக்கிறான். அதிகாரியைக் குறை சொல்ல மாட்டேன். அவர் தலைக்கு மேல் 'உங்கள் கனவே எங்கள் கடமை' என்று எழுதி மாட்டியிருக்கிறது. கனவு கைவசம் இல்லாமல் வருகிறவர்களை, காலி இடமுள்ள வகுப்பில் சேர்த்துத் தம் கடமையை முடித்துக்கொள்கிறார், அவ்வளவுதான். முதலில் காலியாக இருந்தது அழகுக்கலை வகுப்பு. பயிற்சிக்கு முகம் கொடுத்தவர் உன் அப்பா. அவருடைய புருவங்கள் இப்போது நெற்றியின் பாதிவரை ஏறி நிற்பதால், வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாம் ஏதோ நல்ல செய்தி வந்திருக்கிறது என்று எண்ணி விசாரிக்கிறார்கள். அடுத்து கேக் செய்யும் படிப்பு. எல்லாக் கேக்குகளும் ஒரே உயரத்தில் அணிவகுத்து நின்றன. சுவையைப் பற்றி மட்டும் உத்தரவு வரவில்லை போலிருக்கிறது. மூன்றாவது தலைமைப்பண்பு. பனிமலையில் ஒரு படைப்பிரிவையே உயிரோடு இறக்கிக் கூட்டிவந்தவனுக்கு, டிக்கெட் வரிசையைக்கூட நடத்தியிராத ஒரு பையன் பாடம் எடுத்து, முன்னேற்றம் தேவை என்று சான்றிதழும் கொடுத்தான். அண்ணன் அதையும் சட்டம் போட்டு மாட்டினான். சுவர்தான் நிறைந்தது, அவன் பார்க்கும் ராத்திரி வாட்ச்மேன் வேலை மாறவில்லை என்று உன் அண்ணி வருகிறவர்களிடமெல்லாம் முறையிட்டாள்.

இன்னும் ஒரே ஒரு படிப்புக்குத்தான் உதவி மிச்சம், அதற்குப்பின் கணக்கை மூடிவிடுவோம் என்று அலுவலகத்தில் சொன்னதும், இனி இவனை நம்பிப் பயனில்லை என்று நானே கூடப் போனேன். அந்தக் காலத்தில் நான் வாங்கிய கல்லூரிப் பட்டத்தைக் கையில் எடுத்துப் போகவில்லை. குரலில் எடுத்துப் போனேன். அதிகாரி வழக்கமான கேள்வியைக் கேட்டார். கணக்குப் பதிவியல், எந்தக் காலத்திலும் சோறு போடும் என்று நான் பதில் சொன்னேன். அவர் நிம்மதியாகப் பேனாவை எடுத்தார். அப்போது, அதுவரை விறைத்து நின்ற உன் அண்ணன், யாரும் சொல்லாமலே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். "கொஞ்சம் இரும்மா. எனக்குக் கணக்கு வேண்டாம். சின்னப் பிள்ளைங்களுக்குப் பாடம் சொல்லிக் குடுக்கப் படிக்கிறேன்" என்றான்.

அந்தக் கேள்விக்கு இதுவரை படிக்கப் போகிறவர் யாரும் தாமே பதில் சொன்னதில்லை போலும். பதிலை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று அதிகாரி பக்கத்து மேசைக்குப் போய்க் கேட்டுவந்தார். முகாமில் எழுத்துத் தெரியாத சிப்பாய்களுக்கு அ, ஆ சொல்லிக் கொடுத்தது இவன்தானாம். பஸ்ஸில் திரும்பும்போது சொன்னான். இத்தனை நாள் வாயில் என்ன கொழுக்கட்டையா என்றேன். நீங்க யாரும் கேக்கலையே என்றான். ஜன்னல் பக்கம் வெயில் அதிகமாக இருந்ததால் நான் இடம் மாறி உட்கார்ந்தேன்.

இப்போது மழலையர் பள்ளி ஒன்றில் பயிற்சிக்குப் போகிறான். முழங்கால் தாடையில் இடிக்கும் குட்டி நாற்காலி. ஒரு பிள்ளையும் வரிசையில் நிற்பதில்லையாம். நேற்று ஒருத்தி இவனைக் குதிரை ஆகும்படி ஆணையிட்டாளாம், ஆனானாம். உத்தரவுக்குப் பணிவது அவ்வளவு சீக்கிரம் போய்விடுமா? ஆனால் முகம் தெளிந்திருக்கிறது. உன் அண்ணியும் முறையீட்டைப் பாதியாகக் குறைத்திருக்கிறாள்.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். நீ என்ன படிக்கலாம் என்பதில் எனக்கு மிகத் தெளிவான ஓர் அபிப்பிராயம் உண்டு. மேலே கறுப்பாக மை அப்பியிருக்கிறதே, அங்கேதான் அதை எழுதினேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்காதே. ஒன்றும் தெரியாதபடி நன்றாகவே அடித்திருக்கிறேன்.

நன்றாக இரு, உன் மனம்போல் எல்லாம் நடக்கட்டும். விண்ணப்பத்துக்குக் கடைசித் தேதி இருக்கும், அதை மறந்துவிடாதே. பனியில் காதை மூடிக்கொள், அது உத்தரவுதான்.

இப்படிக்கு,
கருத்துச் சொல்லாதிருக்கப் பழகிவரும்
உன் அம்மா