டைமருக்குக் காத்திராதவனுக்கு

இன்று காலை பேனல் கதவைத் திறந்தால், ரிலேயின் இடுக்கில் துடைப்பத்து ஈர்க்குச்சி ஒன்று செருகியிருக்கிறது. நுனியைப் பல்லால் கடித்துச் சப்பையாக்கி, நீ செய்வாயே, அதே மாதிரி. ஒரு நொடி நீதான் ஷிப்டுக்கு வந்துவிட்டாய் என்று நினைத்தேன். அடுத்த நொடி ஆத்திரம் தலைக்கேறியது. போன வருஷம் உன்னை மண்ணுக்குள் வைத்துவிட்டு வந்தோம். இன்னமும் என்னை நிம்மதியாக வேலை பார்க்க விடமாட்டாயா நீ?

உனக்குத் தெரியாதது இல்லை. ஆனாலும் மறுபடி சொல்கிறேன், ஏனென்றால் நீ ஒருநாளும் என்னை முழுதாகச் சொல்ல விட்டதில்லை. நம் பசை கம்பெனியின் மிக்ஸிங் ரூமில் தின்னர் ஆவி தேங்கும். ஃபேன் ஐந்து நிமிடம் ஓடி அதை வெளியே இழுத்துத் தள்ள வேண்டும். அதற்குப் பிறகுதான் டைமர் அனுமதி கொடுக்கும், ரிலே சுவிட்ச் இழுத்து இணைப்புக் கொடுக்கும், மிக்ஸர் மோட்டார் சுற்றும். அதற்குள் எங்கேயாவது ஒரு பொறி விழுந்தால் அறையோடு ஆளும் போவான். அதனால்தான் டைமரையே சுவருக்கு இந்தப் பக்கம், என் எலக்ட்ரிக்கல் ரூமில் வைத்திருக்கிறோம். நீ ரிலேயில் ஒரு குச்சியைச் செருகி அதை அழுத்தியே வைத்துவிட்டால் அந்த ஏற்பாடு மொத்தமும் வீண். ஃபேன் ஓடினாலும் ஓடாவிட்டாலும் மோட்டார் சுற்றும்.

உன் பக்கத்து நியாயமும் எனக்குத் தெரியும். கரண்ட் ஒரு கண் சிமிட்டினால் போதும், டைமர் முதலிலிருந்து எண்ண ஆரம்பிக்கும். ஓசூரில் மழை பிடித்துக்கொண்டால் அது ஒரு நாளைக்கு எத்தனை தடவை சிமிட்டும் என்று யாருக்குத் தெரியும்? உள்ளே பசை கெட்டியாகிக்கொண்டிருக்கும். மானேஜர் சீக்கிரம் சீக்கிரம் என்று கன்னடத்தில் "பேக, பேக" போட்டுக் கத்துவார். நீ பேனல் முன்னால் நின்று, வீட்டில் பேசுகிற தெலுங்கில் டைமரைத் திட்டுவாய். தெலுங்கில் திட்டினால் அதற்கு ரோஷம் வந்து சீக்கிரம் ஓடும் என்பது உன் நம்பிக்கை.

"வாசமே வரலையே பாய், எங்க இருக்குது உன் ஆவி?" என்பாய்.

"இங்கியே கெடந்து கெடந்து உன் மூக்கு செத்துப்போச்சுடா" என்பேன் நான்.

பேனலைப் பூட்டிப் பார்த்தேன். பூட்டைக் கழற்றி என் டிபன் பாக்ஸில் போட்டுவைத்தாய். பிரியாணி என்று ஆசையாகத் திறந்தால் பூட்டு. ஷிப்டே சிரித்தது. மறுநாள் சமாதானத்துக்கு நாகரசம்பட்டியிலிருந்து ஒரு பை மாம்பழம் கொண்டுவந்தாய். தின்றுவிட்டு மறுபடி சண்டை போட்டேன்.

கம்பெனி பஸ் ஒருநாள் வழியில் நின்றது நினைவிருக்கிறதா? சானமாவுக் காட்டிலிருந்து யானைகள் இறங்கி ரோட்டைக் கடக்கின்றன என்று வனத்துறை ஆட்கள் வண்டிகளை நிறுத்திவிட்டார்கள். பஸ்ஸில் எல்லோரும் முணுமுணுத்தார்கள். நீ மட்டும் ஜன்னலில் தலையைச் சாய்த்து நிம்மதியாக உட்கார்ந்திருந்தாய். "அவசரப்பட்டு இன்னா பண்றது? பெரிய உசிரு பாய், அது போயி முடிக்கட்டும்" என்றாய். எனக்கு எரிச்சலாக வந்தது. "அந்த ரூமுக்குள்ள இருக்கிறது இதவிடப் பெருசுடா. கண்ணுக்குத் தெரியலங்கறதால அது இல்லன்னு ஆயிடுமா?" என்று கேட்டேன். நீ தூங்கிவிட்டதுபோல் கண்ணை மூடிக்கொண்டாய்.

சரி, இன்றைய கதைக்கு வருகிறேன். குச்சியைச் செருகியது உன் தம்பி. நீ போனபின் உன் வேலையை அவனுக்குத்தான் கொடுத்தார்கள். கூப்பிட்டுக் கேட்டதும் அவன் மறைக்கவே இல்லை, பெருமையாகவே சொன்னான். "எங்கண்ணன் காட்டிக்குடுத்ததுண்ணா. அவுரு இத்தன வருசம் பண்ணாரு, ஒண்ணும் ஆவலையே?"

மானேஜரும் அதையேதான் சொல்கிறார். "உன் சிநேகிதன் இருந்தப்ப எவ்ளோ பேட்ச் எடுத்தான், ஒரு நாளாவது ஏதாவது ஆச்சா?" வெடிக்காமல் போன ஒவ்வொரு நாளையும் நீ எனக்கு எதிராகச் சாட்சி வைத்துவிட்டுப் போயிருக்கிறாய். உன்னை நல்லவன், கெட்டிக்காரன் என்று ஊரே புகழ்கிறது. உன் குச்சியைப் பிடுங்கினால் நான் நன்றி கெட்டவன்.

காத்திருக்கத் தெரியாதவன் என்று உன்னைத் திட்டவும் முடியவில்லை. கடைசி நாள் மதியமே உனக்கு நெஞ்சு கரித்தது, வியர்த்துக் கொட்டியது. கிளம்புடா, வண்டி எடுக்கிறேன் என்று கையைப் பிடித்து இழுத்தேன். உதறினாய். "கேஸா இருக்கும் பாய். பேட்ச் பாதியில நிக்குது, எறக்கிட்டு வந்துர்றேன்" என்றாய். ஒரு சோடாவைக் குடித்துவிட்டு ஷிப்ட் முடிகிற வரை நின்றாய். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் என் தோளில் சாய்ந்தவன்தான், எழவே இல்லை. ஐந்து நிமிடம் பொறுக்காதவன் அன்றைக்கு மட்டும் எதற்கடா அத்தனை நேரம் பொறுத்தாய்? அந்த பேட்ச் சரியில்லை என்று அடுத்த வாரமே திரும்பி வந்துவிட்டது, தெரியுமா உனக்கு?

மானேஜரிடம் போனேன். டைமரையும் ரிலேயையும் தனிப் பெட்டியில் வைத்துப் பூட்டுகிறேன், முடியாது என்றால் என் கணக்கை முடித்துவிடுங்கள் என்றேன். "பூட்டிக்கோ. ப்ரொடக்ஷன் கொறஞ்சா நீதான் பதில் சொல்லணும்" என்றார். மதியமே மாற்றிவிட்டேன். உன் தம்பி பக்கத்தில் வந்து நின்றான்.

"எங்கண்ணன் மேல இருந்த கோவத்த என் மேல காட்றீங்களாண்ணா?"

"ஆமாடா" என்றேன். "இன்னொரு தடவ உங்கம்மா முன்னால போயி நிக்க என்னால முடியாதுடா." பெட்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். அவன் திரும்பிப் போய்விட்டான்.

சாயங்காலம் கரண்ட் போய் வந்தது. ஃபேனைப் போட்டுவிட்டு அவன் மிக்ஸிங் ரூம் வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். டைமர் ஓடி முடிகிற வரை என்னையே முறைத்தான். நாளைக்கும் முறைப்பான். வீட்டில் உங்கள் அம்மாவிடம் என்னைப் பற்றி என்னென்ன சொல்வானோ. உன்மேல் எனக்கு இருக்கிற ஆத்திரம் இன்னும் கொஞ்சமும் ஆறவில்லை. ஆறவும் வேண்டாம். உன்னிடமிருந்து எனக்கு மிஞ்சியது அதுதான், அதை வைத்துத்தான் ஒவ்வொரு பேட்சுக்கும் அவனை அந்த வாசலில் நிறுத்தப் போகிறேன். என்னைத் திட்டிக்கொண்டே ஆனாலும் சரி, அவன் தினமும் வீடு போய்ச் சேரட்டும்.